சலங்கை யாருக்குச் சொந்தம்?

பிரம்மாண்டமான பேரிகைகள் அரண்மனை முற்றத்தில் வரிசை வரிசையாக நிற்க, அவற்றின் மேல் ஏறி நின்று பெண்கள் ஆடிய காட்சியை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1948 ஏப்ரலில் வெளிவந்த ஜெமினியின் 'சந்திரலேகா' அது. டூரிங் கொட்டகையின் மணல் தரையில் உட்கார்ந்து அதைக் கண்டவர்கள் பேரிகைகளின் பருமனைப் பற்றிப் பேசினார்கள், அவற்றினுள் ஒளிந்திருந்து வெளியே பாய்ந்த வீரர்களைப் பற்றிப் பேசினார்கள், எஸ்.எஸ். வாசன் அள்ளி இறைத்த பணத்தைப் பற்றியும் பேசினார்கள். அந்த ஆட்டத்தை ஆடச் சொன்னவர் யார் என்று மட்டும் எவரும் பேசியதாக நமக்கு நினைவில்லை.

கதையைச் சற்று நினைவுகூர்வோம். சந்திரலேகா என்னும் சிற்றூர்ப் பெண் இளவரசன் வீரசிம்மனை விரும்புகிறாள். அவன் தம்பி சசாங்கன் அரியணையையும் அவளையும் ஒருசேரக் கவர முயல்கிறான். படத்தின் முற்பகுதியில் சசாங்கனின் கையில் அகப்படும் அவள், கசையடிக்குப் பிறகே அவன் முன்னால் ஆடச் சம்மதிக்கிறாள். படத்தின் முடிவில் மீண்டும் அவனுடைய அரண்மனையில் சிறைப்பட்டிருக்கிறாள். இம்முறை அவள் அவனை மணக்க இசைவதுபோல் நடித்து, அதற்கு ஒரு நிபந்தனை விதிக்கிறாள். திருமணத்துக்கு முன் பேரிகை நடனம் நடைபெற வேண்டும் என்பதே அந்த நிபந்தனை. முதல் ஆட்டம் கசைக்குப் பணிந்து ஆடியது. இறுதி ஆட்டம் அவளே கேட்டு வாங்கியது. முன்னதில் அவள் கால்கள் பகைவனுக்குச் சொந்தம்; பின்னதில் அவை அவளுக்கே சொந்தம். தான் விரும்பியவனை அடைவதற்கும், விரும்பாதவனை வீழ்த்துவதற்கும் அவள் கையில் எஞ்சியிருந்த ஒரே ஆயுதம் நடனமே. கேளிக்கைப் படம் என்று நாம் ஒதுக்கிவிடும் ஒன்றினுள் இத்தனை கூர்மையான எண்ணம் பொதிந்திருப்பது வியப்பன்றோ!

சந்திரலேகாவாக நடித்த டி.ஆர். ராஜகுமாரி தஞ்சாவூர் இசை மரபில் தோன்றியவர். நான்கு ஆண்டுகளுக்கு முன், 1944இல், 'ஹரிதாஸ்' படத்தில் ரம்பா என்னும் தாசியாக அவர் நடித்திருந்தார். நல்ல குடும்பத்து ஆண்மகனை மயக்கி, அவன் செல்வத்தைக் கரைத்து, அவனைத் தெருவில் நிறுத்தும் பெண் ரம்பா. சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது. ஆடும் பெண் என்றால் ஊரைக் கெடுப்பவள் என்ற எண்ணத்தை அது எத்தனை இலட்சம் நெஞ்சங்களில் ஊன்றியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். நான்கே ஆண்டுகளில் அதே நடிகை ஆட்டத்தாலேயே தன்னைக் காத்துக்கொள்ளும் நாயகியாகத் திரையில் தோன்றுகிறார்.

இந்த இரண்டு படங்களுக்கும் இடையில் ஒரு சட்டம் நிற்கிறது. 1947ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைச் சட்டமன்றம் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதும், கோயில் வளாகத்தில் அவர்கள் ஆடுவதும் அதன்படி குற்றமாயின. பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணும் சட்டப்படி மணம் செய்துகொள்ளலாம் என்று அதே சட்டம் உறுதியளித்தது. மருத்துவர் முத்துலெட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் இதற்கான முதல் முயற்சிகளைத் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கடந்திருந்தன. தேவதாசி மரபிலேயே பிறந்து அதன் கொடுமைகளைக் கண்கூடாகக் கண்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று பேசினார். 1936இல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலையும் எழுதினார். தாயின் கழுத்துப் பொட்டு மகளின் கழுத்துக்குத் தானாக இறங்கும் வழக்கத்தையும், சிறுமியின் விருப்பம் கேட்கப்படாமலே அவள் வாழ்வு விலை பேசப்பட்டதையும் நினைத்தால், அந்தச் சட்டம் வந்தே தீர வேண்டியது என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. 1890களின் தொடக்கத்தில் சென்னையில் எழுந்த நாட்டிய எதிர்ப்பு இயக்கத்தில் இந்து சமயச் சீர்திருத்தவாதிகளோடு கிறிஸ்தவ மறைபரப்பாளர்களும் சேர்ந்து நின்றனர். வைசிராய்க்கும் ஆளுநருக்கும் மனுக்கள் போயின. ஆடுகின்ற பெண்ணின் இழிநிலையை நீக்குவதா, ஆட்டத்தையே நீக்குவதா என்ற வேறுபாடு அந்த மனுக்களில் தெளிவாக இருந்ததாகத் தோன்றவில்லை. அக்காலத் தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் மிகச் சிலர். தம் பெயரில் நிலம் வைத்திருந்தவர்கள், தாய்வழியில் சொத்துரிமை பெற்றவர்கள், தத்து எடுக்கும் உரிமை படைத்தவர்கள் அவர்களிலும் சிலர். அந்தச் சிலருள் பலர் தேவதாசிகளே. பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878-1952) தம் சொந்தப் பணத்தைக் கொண்டு திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதி ஆலயம் எழுப்பினார். ஒழிப்புச் சட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர். தங்களைக் காப்பாற்ற வந்தவர்களிடம், எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சொன்னவர்கள் அவர்கள். அந்த வார்த்தை போதிய அளவு கேட்கப்படவில்லை. நம் வீடுகளிலும் நாட்டியம் என்றாலே முகம் சுளித்த காலம் ஒன்று இருந்ததை நாம் ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

கோயிலை விட்டு நீங்கிய நடனம் எங்கே போயிற்று? ஒரு பகுதி சபா மேடைக்குப் போயிற்று. 1935இல் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாற்றில் ஆடியதும், அடுத்த ஆண்டு கலாக்ஷேத்திரா பிறந்ததும் யாவரும் அறிந்தவை. இன்னொரு பகுதி திரைப்படத்துக்குப் போயிற்று. வழுவூர் இராமையா பிள்ளை போன்ற நட்டுவனார்கள் படப்பிடிப்புத் தளங்களுக்கு வந்து ஆடக் கற்பித்தார்கள். 1947இல் 'நாம் இருவர்' படத்தில் பாரதியின் பாடல்களுக்குக் குமாரி கமலா ஆடியதைப் பார்த்த பிறகு, தங்கள் பெண்ணுக்கும் நாட்டியம் கற்பிக்கலாம் என்று நடுத்தரக் குடும்பத்தார் துணிந்தனர். பழைய மரபினர் விட்டுச்சென்ற மேடையில் புதிய குடும்பத்துப் பெண்கள் ஏறினார்கள். ஆடுபவள் மாறினாள், அவளைக் குறித்த கேள்வி மாறவில்லை. ஆடும் பெண்ணைக் காதலிக்கலாமா? அவள் காதலித்தால் அந்தக் காதலை நம்பலாமா? மணந்த பின் அவள் ஆடலாமா? பின்வந்த படங்கள் இந்தக் கேள்விகளைத்தான் வெவ்வேறு வகையில் கேட்டன. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, 1965இல் விஜய் ஆனந்த் இயக்கிய 'கைடு' என்ற இந்திப் படம். சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயண் 1958இல் ஆங்கிலத்தில் எழுதி, 1960இல் சாகித்திய அகாதமி விருதைப் பெற்ற நாவலே அதன் மூலம். நாவலின் நாயகி தேவதாசி மரபில் வந்தவள். பொருளியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். சாதி பாராமல் படித்த அழகிய பெண் தேவை என்று விளம்பரம் கொடுத்த ஓர் அறிஞரை மணந்து, மதிப்புள்ள மனைவி என்ற பெயரைப் பெறுகிறாள். அதற்கு அவள் கொடுக்கும் விலை நடனம். கணவனுக்குக் குகைகளும் பழஞ்சிற்பங்களும் உயிர். கல்லில் ஆடும் பெண்களை மணிக்கணக்கில் ஆராய்பவன், வீட்டில் ஆட விரும்பும் பெண்ணை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. இவ்வளவு பொருத்தமான ஏளனத்தை நாராயணைத் தவிர வேறு யாரால் இத்தனை சிரிப்போடு எழுதியிருக்க முடியும்!

அவள் பெயர் ரோஸி. நம் பங்குகளில் தெருவுக்கொரு ரோஸி இருப்பதால் இந்தப் பெயர் நமக்கு உறுத்துவதில்லை. மால்குடியில் அது உறுத்துகிறது. அவளை மேடையேற்றும் வழிகாட்டி ராஜு, சபைகளில் இந்தப் பெயர் எடுபடாது என்று கருதி, நளினி என்று மாற்றி வைக்கிறான். கணவன் அவளிடமிருந்து நடனத்தைப் பறித்தான். காதலன் நடனத்தைக் கொடுத்துவிட்டுப் பெயரை எடுத்துக்கொண்டான்.

ரோஸியாக நடித்த வஹீதா ரஹ்மான் செங்கற்பட்டில் பிறந்தவர். சென்னையில் பரதம் பயின்றவர். 'காலம் மாறிப்போச்சு', 'அலிபாபாவும் 40 திருடர்களும்' ஆகிய தமிழ்ப் படங்களில் ஆடியவர். இசுலாமியச் சிறுமிக்குக் கற்றுக்கொடுக்க முதலில் தயங்கிய ஆசிரியர், பிறகு சாதகத்தைப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டார் என்று அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். ஆட அனுமதி கேட்டுக் காத்து நிற்பது எத்தகையது என்று அறிந்த ஒருவர் ரோஸியாக நடித்தது படத்தின் நற்பேறு. பாம்பாட்டிகளின் குடியிருப்பில் மகுடியோசை கேட்டதும் ரோஸியால் உட்கார்ந்திருக்க முடிவதில்லை. எழுந்து ஆடுகிறாள். முதலில் உடல் தயங்குகிறது. பிறகு தயக்கம் ஒவ்வொன்றாய் உதிர்கிறது. இறுதியில் களைத்து விழும்வரை ஆடுகிறாள். எத்தனை ஆண்டுகள் அடக்கி வைத்திருந்தாள் என்பதை வசனம் எதுவும் சொல்லவில்லை, ஆட்டம் சொல்லிவிடுகிறது.

பின்னர் அவள் கடைத்தெருவில் சலங்கை வாங்கிக் கட்டிக்கொள்கிறாள். வண்டியொன்றில் வைக்கோலின் மேல் அமர்ந்து பாடுகிறாள், சித்தூர்க் கோட்டையின் இடிந்த மதில்களின் விளிம்பில் ஓடுகிறாள். அந்தப் பாடற்காட்சியில் ராஜுவும் உடன் இருக்கிறான். ஆனால் அவள் அவனுக்காக ஆடவில்லை. அவனைப் பார்த்துக்கூட ஆடவில்லை. மீண்டும் வாழ ஆசைப்படுகின்ற ஒருத்தி தனக்குத்தானே ஆடுகிறாள். அவன் பார்த்து வியந்து நிற்கிறான். இந்திய மொழிப் படங்களில் காதற்பாடல்கள் ஆயிரமாயிரம். காதலனை நோக்காமல் தன் விடுதலையை நோக்கிப் பாடும் காதற்பாடல் அரிது.

புகழ் வந்ததும் நிலைமை மாறுகிறது. ஒப்பந்தங்களில் ராஜு கையெழுத்திடுகிறான், பணத்தை அவன் வாங்குகிறான், அவள் எந்த ஊரில் எந்த நாளில் ஆட வேண்டும் என்பதையும் அவனே முடிவு செய்கிறான். நாவலில் ரோஸி தன்னைச் செக்குமாட்டோடு ஒப்பிட்டுச் சலித்துக்கொள்கிறாள். அவளை விடுவித்தவனே அவளைச் செக்கில் கட்டிவிட்டான். முடிவில் அவளது நகைகளுக்காக அவள் கையெழுத்தையே போலியாக இட்டு அவன் சிறை செல்கிறான். அவளது பெயரை மாற்றியவன் கையெழுத்தையும் எடுத்துக்கொண்டதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

இங்கே நாவலும் படமும் பிரிகின்றன. நாவலில் ரோஸி, ராஜுவின் வழக்குச் செலவுக்காக ஓயாது ஆடிப் பொருளீட்டுகிறாள். கடமை முடிந்ததும் சென்னைக்குப் புறப்பட்டுப் போய்விடுகிறாள். கணவனிடமும் திரும்பவில்லை, காதலனிடமும் திரும்பவில்லை. சிறைக்குள் இருக்கும் ராஜு அவளது வளர்ச்சியைச் செய்தித்தாளில் படிக்கிறான். தானோ அவள் கணவனோ இல்லாமலே அவள் வாழ்வு தன் சொந்த ஊற்றிலிருந்து நீர் பருகும் என்று உணர்கிறான். படம் இதை ஏற்கவில்லை. மழைக்காக உண்ணாநோன்பிருந்து மடியும் ராஜுவிடம் ரோஸியைத் திரும்ப அழைத்து வந்து கண்ணீர் சிந்தவைக்கிறது. மன்னிப்பது அழகான செயல்தான். ஆயினும் தனியே நடந்து சென்ற ஒரு பெண்ணைத் திரை தனியே நடக்க விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாராயணுக்குப் படம் பிடிக்கவில்லை என்பது ஊரறிந்த செய்தி. அவருடைய மனக்குறைகள் பல. நமக்குள்ள பெரிய குறை இது ஒன்றுதான்.

இனித் 'தில்லானா மோகனாம்பாள்'. கலைமணி என்ற புனைபெயரில் கொத்தமங்கலம் சுப்பு 'ஆனந்த விகடன்' இதழில் எழுதி, கோபுலுவின் ஓவியங்களோடு வாரந்தோறும் வீடுகளுக்கு வந்த கதை. 'சந்திரலேகா'வின் கதைக்குழுவிலும் சுப்பு இருந்தார் என்பதை இங்கே நினைத்துக்கொள்வோம். ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக்க, 1968 சூலை 27 அன்று வெளிவந்தது. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது.

சிக்கல் சண்முகசுந்தரம் நாதஸ்வர வித்துவான். திருவாரூர் மோகனாம்பாள் நாட்டியக்காரி. முதற்சந்திப்பிலேயே இருவரின் செருக்கும் மோதிக்கொள்கின்றன. என் நாதஸ்வரத்துக்கு உன்னால் ஆட முடியுமா என்பது அவன் அறைகூவல். காதல் ஒரு போட்டியாகத் தொடங்குவதை நாம் கவனிக்க வேண்டும். போட்டி என்றாலே இருவரும் ஒரே தரையில் நிற்பவர்கள் என்று பொருள். செல்வந்தர்கள் மோகனாவைப் பார்க்கும் பார்வையில் அந்தச் சமநிலை இல்லை. அவர்கள் பார்ப்பவர்கள், அவள் பார்க்கப்படுபவள். சண்முகசுந்தரம் மட்டுமே அவளை எதிர்த்து நிற்கிறான். ஆகவே அவன் மட்டுமே அவளுக்கு நிகரானவன். மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரமும், சிவாஜி கணேசனின் கன்னத்து நரம்புகளும், பத்மினியின் பாதங்களும் சேர்ந்து போட்ட அந்தப் போட்டியில் வென்றவர் யார் என்று தெரிவதற்குள் நச்சுக் கத்தியொன்று வித்துவானின் கையில் பாய்கிறது. போட்டி முடிவின்றி நிற்கிறது. காதலர்களுக்குள் ஒருவர் தோற்றிருந்தால் கதை கெட்டிருக்கும் என்பது சுப்புவுக்குத் தெரிந்திருந்தது.

மோகனாவின் தாய் வடிவாம்பாளை வெறும் பேராசைக்காரியாகப் பார்ப்பது எளிது. சி.கே. சரஸ்வதி அந்தப் பாத்திரத்தை அத்தனை உறைப்பாகச் செய்துவிட்டார். ஆனால் வரலாற்றைப் படித்த பின் அவளை நோக்கினால் வேறொன்று தெரிகிறது. தலைமுறை தலைமுறையாக ஒரு புரவலனின் ஆதரவே தன் குலத்துப் பெண்களுக்குச் சோறும் கூரையும் தந்தது என்று அறிந்தவள் அவள். நாதஸ்வரக்காரனின் வருமானம் நிலையற்றது என்றும் அறிந்தவள். மகள் பட்டினி கிடக்கக்கூடாது என்ற அச்சத்தையே அவள் பேராசையின் மொழியில் பேசுகிறாள். வைத்தி போன்ற தரகர்கள் அந்த அச்சத்தைத்தான் காசாக்குகிறார்கள். நாகேஷின் நடிப்பில் நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். சிரித்து முடித்த பிறகே ஒரு பெண்ணை ஊர் ஊராக விலை பேசியவனைக் கண்டு சிரித்தோம் என்பது உறைக்கிறது.

மோகனா தாயின் வழியை மறுக்கிறாள். அவள் மறுப்பதற்கு வலிமை தருவது காதல் மட்டுமன்று. தன் ஆட்டத்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியும் என்ற உறுதியும்தான். சிங்கபுரம் மைனரையும் மதன்பூர் மகாராஜாவையும் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய்த்த வார்த்தை, சலங்கையில் சம்பாதித்த வார்த்தை. பணத்துக்காக ஆடுவதும் பணத்துக்குப் பணிவதும் ஒன்றல்ல என்று அவள் ஒவ்வொரு காட்சியிலும் காட்டுகிறாள்.

இப்படத்தில் இரண்டு நடனங்களைச் சற்று நின்று பார்ப்போம். ஒன்றில் அவள் கோயிலில் ஆடுகிறாள். சண்முகசுந்தரம் தன் குழுவினரோடு தூணுக்குப் பின்னால் மறைந்து நின்று பார்க்கிறான். அவன் வந்திருப்பது அவளுக்குத் தெரியும். பாடல் கடவுளை நோக்கிப் பாடப்படுகிறது. மறைந்து நின்று பார்ப்பது ஏன் என்று தெய்வத்தைக் கேட்பதுபோல் அவனைக் கேட்கிறாள். சபை தெய்வத்தைக் கேட்டதாக எண்ணுகிறது; அவன் தன்னைக் கேட்டதாக அறிகிறான். இது திரைக்கதை ஆசிரியரின் தந்திரம் மட்டுமன்று. க்ஷேத்ரக்ஞர் காலந்தொட்டுப் பதங்களில் நாயகி கடவுளைக் காதலனாக வைத்துக் கேட்பாள், ஊடுவாள், திட்டுவாள், அழைப்பாள். தன் விருப்பத்தைத் தன் வாயால் சொல்லும் உரிமை வேறெந்தப் பெண்ணுக்கும் இல்லாத காலத்தில் ஆடும் பெண்ணுக்கு அந்த உரிமை இருந்தது. திருவிவிலியத்தின் இனிமைமிகு பாடலிலும் முதலில் ஒலிப்பது பெண்ணின் குரலே என்பதை அறிந்த நமக்கு இது அந்நியமானதன்று.

மற்றொன்று, காயத்திலிருந்து மீண்ட சண்முகசுந்தரம் நாதஸ்வரம் வாசிக்க அவள் ஆடும் காட்சி. இருவருக்கும் இடையே தாயும், தரகரும், ஊரும் நிற்கிறார்கள். ஒரு சொல் நேரில் பேச வழியில்லை. நூற்றுக்கணக்கானோர் முன்னிலையில், கை நலமா, உடல் நலமா என்று அவள் அபிநயத்தால் விசாரிக்கிறாள். அவன் கண்கள் கலங்க நாதஸ்வரத்தால் மறுமொழி சொல்கிறான். கண்ணதாசனின் எளிய சொற்களும், பி. சுசீலாவின் குரலும், கே.வி. மகாதேவனின் இசையும் சேர்ந்து நிகழ்த்திய இந்தக் காட்சியில் தொடுதல் இல்லை, தழுவல் இல்லை. மருத்துவமனைக்குச் சென்று பார்க்கவும் உரிமையற்ற ஒருத்தி மேடையையே தன் உரிமையாக்கிக்கொண்டாள். ஊரார் எல்லாரும் கேட்க, ஊரார் எவருக்கும் புரியாமல், ஒரு மனிதனிடம் தன் அன்பைச் சொன்னாள். நடனம் அவளுக்கு அலங்காரமன்று. அவள் எழுதிய மடல்.

குறையே இல்லையா என்றால், உண்டு. சண்முகசுந்தரத்தின் சந்தேகம் கதை நெடுகத் தலைதூக்குகிறது. அவளைப் பெரிய மனிதர்கள் விரும்பினால் அந்தக் குற்றத்துக்கு அவளே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. அவளது உண்மை மீண்டும் மீண்டும் சோதிக்கப்படுகிறது. அவனது உண்மையை எவரும் சோதிப்பதில்லை. கலைஞனின் கோபம் என்று படம் அதை எளிதில் மன்னித்துவிடுகிறது. நாம் அவ்வளவு எளிதில் மன்னிக்க வேண்டியதில்லை.

மனோரமா நடித்த ஜில் ஜில் ரமாமணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போகக்கூடாது. கரகம் எடுத்து ஆடுபவள், நாடகக்காரி, சபா மேடையின் மதிப்பு அவளுக்கு இல்லை. தாயும் இல்லை, தரகனும் இல்லை, காவலும் இல்லை. வெகுளித்தனமான பேச்சும் விரிந்த மனமும் மட்டுமே உண்டு. படம் அவளை நகைச்சுவைக்காக வைத்தது. ஆனால் ஊர்விட்டு ஊர் போய், தன் உழைப்பில் உண்டு, தனக்குப் பிடித்தவரிடம் அன்பு காட்டி, அதற்கு எதுவும் கேட்காத இந்தப் பெண்தான் படத்தில் உண்மையிலேயே கட்டற்றவள் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. அவளை மணக்க எந்த மகாராஜாவும் வரவில்லை என்பது அவளது நற்பேறு.

'தில்லானா மோகனாம்பாள்' திருமணத்தில் முடிகிறது. மதன்பூர் மகாராணியின் நற்பண்பால் ஆபத்து விலகி, தாயின் மனம் மாறி, காதலர்கள் இணைகிறார்கள். மணமான பின் மோகனா ஆடினாளா? படம் சொல்லவில்லை. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அவளைப் போன்றவர்களுக்குத் திருமண உரிமையைக் கொடுத்தது. கலையோடு அவர்கள் என்ன செய்வார்கள் என்பது சட்டத்தின் கவலையன்று. படமும் அந்த வாசலில் நின்றுவிடுகிறது.

ஆனால் அந்தப் படங்களில் ஆடிய பெண்களின் வாழ்க்கை அங்கே நிற்கவில்லை. திருமணமே செய்துகொள்ளாத டி.ஆர். ராஜகுமாரி, தம்பி டி.ஆர். ராமண்ணாவோடு ஆர்.ஆர். பிக்சர்ஸ் என்ற நிறுவனத்தை நடத்தினார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படமான 'கூண்டுக்கிளி' (1954) அந்த நிறுவனம் எடுத்ததே. தியாகராய நகரில் தம் பெயரிலேயே ஒரு திரையரங்கையும் அவர் கட்டினார். ரம்பாவாக வந்து ஆண்களின் சொத்தைக் கரைத்தவர் என்று ஊர் பார்த்த பெண், தம் சொந்தச் சொத்தைச் சேர்த்துவைத்தார். இன்று அந்தத் திரையரங்கு இல்லை. 1999இல் அவரும் மறைந்துவிட்டார்.

பத்மினியோ மோகனாம்பாளாக நடித்தபோது கன்னிப்பெண் அல்லர். 1961இல் மருத்துவர் ஒருவரை மணந்து, தாயுமான பிறகே அந்தச் சலங்கையைக் கட்டினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. பின்னர் அமெரிக்காவில் குடியேறி, 1977இல் நியூஜெர்சியில் நாட்டியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கடல் கடந்து குடியேறிய குடும்பங்களின் பெண்பிள்ளைகள் அங்கே அவரிடம் அடவு பயின்றார்கள். 2006 செப்டம்பரில் சென்னையில் காலமாகும்வரை ஊர் அவரை மோகனாம்பாள் என்றே அழைத்தது.